லீஸுக்குக் கார்: தவணைக்கு முன்னால் விலையைப் பேசுங்கள்

டீலர்ஷிப்பில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு வரைக்கும் கட்டலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்பதுதான். உங்கள் வசதியை அக்கறையோடு விசாரிக்கிற தொனியில்தான் கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். முந்நூறு டாலர் என்று நீங்கள் வாயைத் திறந்த மாத்திரத்தில், கார் என்ன விலை என்ற பேச்சே அந்த மேஜையிலிருந்து காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு விற்பனையாளருக்கு உள்ள ஒரே வேலை, எப்படியாவது 300 என்ற எண்ணைக் காட்டுவது. முன்பணத்தைக் கூட்டிக் காட்டலாம். 36 மாதத்தை 39 ஆக்கிக் காட்டலாம். மைல் கணக்கைக் குறைத்துக் காட்டலாம். நீங்களும் கேட்டது கிடைத்த திருப்தியோடு கையெழுத்துப் போடுவீர்கள்.

தவணை என்பது கணக்கின் கடைசி வரி. நீங்கள் பேரம் பேச வேண்டியது அதற்கு மேலே உள்ள வரிகளை.

அந்த வரிகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிவிக், கொரோலா, எலான்ட்ரா, மாஸ்டா-3 மாதிரியான சின்னக் கார்களை, அமெரிக்காவில் நிலைத்துவிட்டவர்கள் கடனில் வாங்கி எட்டுப் பத்து வருடம் ஓட்டுவதுதான் லாபம். இவை சீக்கிரம் படுத்துக்கொள்கிற வண்டிகள் அல்ல. கடன் முடிந்த பிறகும் பல வருடம் தவணையில்லாமல் ஓடும். லீஸ் யாருக்குப் பொருந்தும் என்றால், இன்னும் மூன்று வருடத்தில் எந்த ஊரில் இருப்போம், எந்த நாட்டில் இருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்களுக்கு. பழைய கார் வாங்கி மெக்கானிக்கிடம் நடக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும் பொருந்தும். புதிதாக வந்திறங்கிய நம் ஊர்க்காரர்களில் பலர் முதல் வகை. அவர்களை நினைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

சென்னையில் வீட்டை லீஸுக்கு எடுத்தால், கொடுத்த மொத்தத் தொகை காலி செய்கிற அன்று திரும்பி வரும். கார் லீஸ் அப்படியல்ல. முன்பணம் என்று எதைக் கொடுத்தாலும் அது போனது போனதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணக்கு இதுதான்

லீஸில் நீங்கள் காரை வாங்குவதில்லை. மூன்று வருடத்தில் அதன் மதிப்பு எவ்வளவு தேய்கிறதோ, அந்தத் தேய்மானத்தையும் அதற்கான வட்டியையும் கட்டுகிறீர்கள். இதைத் தீர்மானிப்பவை மூன்று எண்கள். ஒன்று, நீங்கள் பேசி முடிக்கிற விலை; கட்டணங்களும் சேர்ந்த பிறகு இதைக் கேப் காஸ்ட் என்பார்கள். இரண்டு, லீஸ் முடியும்போது கார் என்ன பெறும் என்று நிதி நிறுவனம் முன்கூட்டியே குறித்து வைக்கிற மதிப்பு, அதாவது ரெசிஜுவல். மூன்று, வட்டி. லீஸில் வட்டியைச் சதவீதமாகச் சொல்ல மாட்டார்கள். மணி ஃபேக்டர் என்று 0.0021 மாதிரி ஒரு பொடி எண்ணாகச் சொல்வார்கள். அதை 2,400-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய ஆண்டு வட்டி கிடைக்கும். 0.0021 என்றால் 5.04 சதவீதம்.

ஒரு கார். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் விலை 26,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பேசி 24,700-க்கு இறக்கிவிட்டீர்கள். நிதி நிறுவனம் லீஸ் தொடங்குவதற்கென்று வாங்குகிற அக்விசிஷன் ஃபீ 695. ஆக 25,395. மூன்று வருடம் கழித்து ஸ்டிக்கர் விலையில் 58 சதவீதம் பெறும் என்று நிறுவனம் சொன்னால், ரெசிஜுவல் 15,080. இரண்டுக்கும் வித்தியாசம் 10,315. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 286 டாலர் 53 சென்ட். இது தேய்மானம்.

வட்டிக்கு 25,395-ஐயும் 15,080-ஐயும் கூட்டுங்கள். ஆமாம், கூட்டத்தான் வேண்டும், கழிக்கக் கூடாது. 40,475 வரும். அதை 0.0021-ஆல் பெருக்கினால் மாதம் 85 டாலர். இரண்டும் சேர்ந்து, வரிக்கு முன் 371 டாலர் 53 சென்ட். ஏன் கூட்டுகிறார்கள் என்று எல்லோரும் ஒரு தடவை முழிப்பார்கள். நிறுவனத்தின் பணம் முதல் மாதம் 25,395-ஆக உங்களிடம் இருக்கிறது, கடைசியில் 15,080-ஆக இருக்கிறது. சராசரிக்குத்தான் வட்டி. சராசரிக்காக இரண்டால் வகுப்பதும், மாதத்துக்காக 12-ஆல் வகுப்பதும், சதவீதத்துக்காக 100-ஆல் வகுப்பதும் மணி ஃபேக்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. 2 × 12 × 100 என்பதுதான் அந்த 2,400.

இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் எங்கே அழுத்தலாம், எங்கே முடியாது என்பது தானாகத் தெரிந்துவிடும். ரெசிஜுவலில் பேரம் கிடையாது. அதை நிறுவனம் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் அறிவிக்கிறது. டீலரால் தொட முடியாது. அது ஸ்டிக்கர் விலையின் சதவீதம் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் பேசிய விலை இறங்கினாலும் ரெசிஜுவல் இறங்காது. ஆகவே விலையில் குறைகிற ஒவ்வொரு டாலரும் முழுசாகத் தேய்மானத்தில் குறைகிறது. மேலே சொன்ன காரையே பேரம் பேசாமல் 26,000-க்கு எடுத்திருந்தால் தவணை 410 டாலர் 37 சென்ட். பேசியதால் மாதம் 39 டாலர் மிச்சம். 36 மாதத்துக்கு ஏறத்தாழ 1,400. விலையில் ஆயிரம் டாலர் என்பது தவணையில் முப்பது டாலர். இந்த ஒரு வாய்ப்பாடு தலையில் இருந்தால் போதும், எதிரே இருப்பவர் கால்குலேட்டரைத் தட்டும்போது நீங்களும் மனக்கணக்கில் கூடவே போகலாம்.

வட்டியில் டீலரால் கைவைக்க முடியும். நிறுவனம் 0.0021 என்று கொடுத்ததை உங்களிடம் 0.0025 என்று சொல்லி, வித்தியாசத்தில் பங்கு பார்ப்பது அந்தத் தொழிலில் சகஜம், சட்டவிரோதமும் இல்லை. பார்க்க ஒன்றுமில்லாத அந்த நான்கு, இந்தக் காரில் மூன்று வருடத்துக்கு 583 டாலர். நிறுவனத்தின் அடிப்படை மணி ஃபேக்டரையும் அந்த மாதத்து ரெசிஜுவலையும் எட்மண்ட்ஸ் போன்ற தளங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடைக்குப் போகும் முன்பே அவை உங்கள் போனில் இருக்க வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள 199

"மாதம் 199 மட்டும், கையெழுத்திடும்போது 3,499" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். முதல் மாதத் தவணை அந்த 3,499-க்குள் அடங்கியது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 35 தவணைக்கு 6,965. மொத்தம் 10,464. 36-ஆல் வகுத்தால் மாதம் 290 டாலர் 67 சென்ட். இதுதான் உண்மையான தவணை. இதற்கு மேல் பல இடங்களில் வரியும் பதிவுக் கட்டணமும் உண்டு. இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது எப்போதும் இப்படி மொத்தத்தைக் கூட்டி மாதத்தால் வகுத்து ஒப்பிடுங்கள். 199-ஐயும் 269-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. வட்டி கொஞ்சம் குறையும் என்பது வாஸ்தவம். இரண்டாயிரம் டாலர் கட்டினால் தவணை அறுபது டாலர் இறங்கும். மூன்று வருடத்தில் வட்டியில் மிச்சமாவது 150 சொச்சம். ஆனால் மூன்றாவது மாதமே யாராவது வந்து இடித்து, கார் தேறாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு கட்டிவிட்டால், அவர்கள் கொடுக்கிற பணம் நிதி நிறுவனத்துக்குப் போகும். அது போதாவிட்டால் துண்டு விழுகிற தொகையைக் கேப் காப்பீடு (இந்தக் கேப், இடைவெளி என்ற பொருளில் வரும் gap; கேப் காஸ்ட்டில் உள்ளது வேறு) ஈடுகட்டும். உங்கள் இரண்டாயிரத்தை யாரும் தேடிக் கொண்டுவந்து தர மாட்டார்கள். முதல் தவணை, பதிவுக் கட்டணம், அந்த மாநிலத்தில் முன்கூட்டியே கட்ட வேண்டிய வரி இருந்தால் அது, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான லீஸ்களில் கேப் காப்பீடு ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கும். இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கும்போதே தனியாக இன்னொன்றை விற்கப் பார்ப்பார்கள்.

கடைக்குப் போகாமல் பேரம்

நம்மவர்கள் பேரத்துக்கு அஞ்சுபவர்கள் அல்ல. பாண்டி பஜாரில் பழகிய நாக்கு. ஆனால் டீலர்ஷிப்பில் நேரே போய்ப் பேசுவது அவர்கள் மைதானத்தில் ஆடுவது. நான்கு மணி நேரம் உட்கார வைப்பார்கள். "மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று விற்பனையாளர் எழுந்து எழுந்து போவார். குழந்தை அழ ஆரம்பிக்கும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்; பேரம் அதில் முதலாவதாகப் பறக்கும்.

அதனால் மின்னஞ்சல். ஒரு தடவை மட்டும் கடைக்குப் போய் ஓட்டிப் பாருங்கள். எந்த மாடல், எந்த ட்ரிம், எந்த நிறம் என்று முடிவு செய்யுங்கள். பிறகு ஐம்பது மைல் சுற்றளவில் உள்ள ஐந்தாறு டீலர்களின் இணைய விற்பனைப் பிரிவுக்கு ஒரே கடிதத்தை அனுப்புங்கள். கடிதம் சுருக்கமாக, விஷயம் தெரிந்தவர் எழுதியது மாதிரி இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பில் உள்ள இந்த வண்டி, 36 மாதம், வருடத்துக்கு 12,000 மைல், முன்பணம் இல்லை. தள்ளுபடிகளுக்கு முன் உங்கள் விற்பனை விலை என்ன, எந்தெந்தத் தள்ளுபடி எனக்குப் பொருந்தும், மணி ஃபேக்டர், ரெசிஜுவல், டாக்குமென்ட் ஃபீ எவ்வளவு, கையெழுத்திடும் நாளில் நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு. இவ்வளவுதான். எல்லாவற்றையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பாதிப் பேர் "நேரில் வாருங்கள், நல்ல விலை தருகிறோம்" என்று மட்டும் பதில் போடுவார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். எண்களோடு பதில் போடுகிற இரண்டு மூன்று பேர் போதும். மிகக் குறைந்த விலையை மற்றவருக்குக் காட்டி, இதைவிடக் குறைக்க முடியுமா என்று ஒரே ஒரு சுற்றுக் கேளுங்கள். மூன்று நான்கு சுற்று இழுத்தால் பதிலே வராது. சின்னக் காரில் டீலருக்குக் கிடைக்கிற லாபம் அப்படியொன்றும் பெரிதல்ல, அவருக்கும் வேறு வாடிக்கையாளர் இருக்கிறார். மாதக் கடைசியில் கேட்பது நல்லது, விற்பனை இலக்கை எட்ட வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருக்கும். புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்கென்று பல கார் நிறுவனங்கள் தனித் தள்ளுபடி வைத்திருப்பதுண்டு. எம்.எஸ். முடித்து வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

விலை முடியும்வரை உங்கள் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொடுத்து கிரெடிட் பார்க்க அனுமதிக்காதீர்கள். வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது, கிரெடிட் வரலாறு மெலிவு என்றால் விளம்பரத்தில் உள்ள வட்டி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அந்த நிலையில் கடன் உறுதியாகும் முன்பே "வண்டியை இன்றைக்கே எடுத்துப் போங்கள்" என்றால் எடுக்காதீர்கள். பத்து நாள் கழித்து, வட்டி கூடிவிட்டது, வந்து வேறு காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று அழைப்பு வரக்கூடும்.

கையெழுத்து அறை

விலை முடிந்து, மனசு லேசாகி, உள்ளே இன்னொரு அறைக்குக் கூட்டிப் போவார்கள். பணம் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான். நீட்டித்த வாரன்டி, டயர் காப்பீடு, பெயின்ட் பாதுகாப்பு, டயருக்கு நைட்ரஜன், கண்ணாடியில் வண்டி எண் பொறிப்பது என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றும் "மாதம் எட்டு டாலர்தான்" என்ற கணக்கில். மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுக்கப் போகிற, பெரும்பாலும் கம்பெனி வாரன்டிக்குள்ளேயே ஓடப் போகிற காருக்கு நீட்டித்த வாரன்டி எதற்கு? வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்.

டாக்குமென்ட் ஃபீ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் நீண்ட காலமாக 85 டாலர்தான் உச்ச வரம்பு. புளோரிடாவில் வரம்பே இல்லை. அங்கே ஆயிரத்தை நெருங்குகிற டீலர்களும் உண்டு. இதைக் குறைக்க மாட்டோம் என்பார்கள். சரி, அதே அளவு காரின் விலையில் குறையுங்கள் என்று கேளுங்கள். சின்னக் காரில் இந்தக் கட்டணங்களின் பாரம் அதிகம். அறுபதாயிரம் டாலர் காரில் 695 தெரியாது. நமது காரில் அது மாதம் இருபது டாலர்.

வரியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் வரி. நியூயார்க்கில் மொத்தத் தவணைகளுக்குமான வரி தொடக்கத்திலேயே கணக்கிடப்படும். டெக்சாஸில் காரின் முழு விலைக்கும் 6.25 சதவீதம் வந்து உங்கள் தலையில் விழும். ஃப்ரிஸ்கோ, இர்விங் பக்கம் இருப்பவர்கள் இதனால்தான் லீஸ் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். அங்கே சில நிதி நிறுவனங்களிடம் இந்த வரியை ஈடுகட்டும் டாக்ஸ் கிரெடிட் இருக்கும். இருக்கிறதா என்று கேட்டால்தான் சொல்வார்கள்.

இப்போது ஒப்பந்தக் காகிதம். 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டப்படி, தேய்மானம், ரென்ட் சார்ஜ் எனப்படும் மொத்த வட்டி, ரெசிஜுவல், சரிக்கட்டிய கேப் காஸ்ட் எல்லாம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். கேப் காஸ்ட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் வரிவரியாக எழுதித் தர வேண்டும். அந்தச் சட்டம் மணி ஃபேக்டரை எழுதச் சொல்லவில்லை. கவலையில்லை, நீங்களே கண்டுபிடிக்கலாம். ரென்ட் சார்ஜ் என்ற இடத்தில் 3,643 என்று இருக்கிறது. 36-ஆல் வகுத்தால் 101.19. அதை, கேப் காஸ்ட்டும் ரெசிஜுவலும் சேர்ந்த 40,475-ஆல் வகுங்கள். 0.0025 வரும். மின்னஞ்சலில் 0.0021 என்றல்லவா எழுதினார்கள்? விரலை அந்தக் கட்டத்தில் வைத்து, இது எப்படி மாறியது என்று மெதுவாகக் கேளுங்கள். சத்தம் போடத் தேவையில்லை. அறையில் உள்ளவர் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சிஸ்டம் தப்பாக எடுத்திருக்கிறது" என்பார். திருத்தி அச்சடித்துத் தரட்டும்.

திருத்த மறுத்தால் எழுந்துவிடுங்கள். தம்பதியாகப் போயிருந்தால் இது இன்னும் சுலபம். "ஏங்க, இன்னொரு இடமும் பார்த்துட்டே முடிவு பண்ணலாமே" என்று தமிழில் ஒருவர் சொல்ல, மற்றவர் பையைத் தோளில் மாட்டினால் போதும். மொழி புரியாவிட்டாலும் பையை மாட்டுவது எல்லோருக்கும் புரியும். கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால் மூன்று நாளில் ரத்து செய்யலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டீலர் கடையில் எடுத்த காருக்கு மத்திய அரசின் அந்த விதி பொருந்தாது.

மைலும் விசாவும்

வருட மைலைக் குறைத்துச் சொன்னால் தவணை கொஞ்சம் இறங்கும் என்பதால் 10,000-க்கு ஆசைப்படுவார்கள். 12,000-லிருந்து 10,000-க்கு வந்தால் ரெசிஜுவல் ஒரு சதவீதம் கூடலாம். நமது காரில் அது மாதம் ஏழு டாலருக்கும் குறைவு. மீறிய மைலுக்கு அபராதம் 15 முதல் 25 சென்ட் வரை. வருடத்துக்கு 3,000 மைல் கூடுதலாக ஓட்டினால், மைலுக்கு 20 சென்ட் என்றாலும் கடைசியில் 1,800 டாலர் எடுத்து வைக்க வேண்டும். தினமும் அலுவலகம் போய் வருவதோடு கோயில், நண்பர் வீட்டுப் பிறந்தநாள், நயாகரா, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சுற்றிக்காட்டுவது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஆறு மாதம் அப்பா அம்மா இருந்தார்கள் என்றால் மைல் எங்கே போய் நிற்கும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் லீஸின் காலத்தை விசாவின் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும். வேலை போனால் இருக்க அனுமதி அதிகபட்சம் 60 நாள். லீஸை நடுவில் முறிப்பதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகக்கூடும் என்று ஒப்பந்தத்திலேயே எச்சரிக்கை இருக்கும். வேறொருவருக்கு மாற்றிக்கொடுப்பதைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. வெளிக் கம்பெனி ஏதாவது வந்து காரை வாங்கிக்கொள்வதையும் சில நிறுவனங்கள் தடுக்கின்றன. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை இரண்டும். பதில் 'முடியாது' என்றால், எனக்கு அந்தக் கார் இலவசமாகக் கிடைத்தாலும் யோசிப்பேன்.

இன்சூரன்ஸையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மாநிலம் கேட்கிற குறைந்தபட்சம் லீஸுக்குப் போதாது. ஒருவருக்கு ஒரு லட்சம், விபத்துக்கு மூன்று லட்சம், சொத்துச் சேதத்துக்கு ஐம்பதாயிரம் என்ற அளவில் நிதி நிறுவனங்கள் கேட்பது வழக்கம். உள்நாட்டு ஓட்டுநர் வரலாறு இல்லாத புதியவருக்கு இந்த மாதப் பிரீமியம் சில நேரம் கார் தவணையில் பாதியைத் தொடும்.

திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்பொசிஷன் ஃபீ என்று 350, 400 டாலர் கேட்பார்கள். அதே நிறுவனத்தில் அடுத்த கார் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் சந்தையில் அது என்ன விலை போகிறது என்று பாருங்கள். 2021, 2022-இல் பழைய கார் விலை ஏறியபோது ரெசிஜுவல் கொடுத்து வாங்கி விற்றவர்களுக்குச் சில ஆயிரம் டாலர் லாபம் கிடைத்தது. ரெசிஜுவலைவிடச் சந்தை விலை குறைவு என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கொடுக்கிற அன்று நான்கு பக்கமும், டயரும், ஓடிய மைல் காட்டும் மீட்டரும் தெரியப் படம் எடுங்கள். மைல் எண் எழுதிய ரசீதை டீலரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். நம்பர் பிளேட்டை அரசிடம் ஒப்படைக்க வேண்டிய நியூயார்க் போன்ற மாநிலங்களில், அதை ஒப்படைத்து ரசீது கைக்கு வந்த பிறகே இன்சூரன்ஸை நிறுத்துங்கள்.